ஜன்னலோரப் புதினா: மண்ணில்லா வேளாண்மையின் மூன்று நூற்றாண்டுகள்

குடித்து முடித்த தண்ணீர் பாட்டில்களைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோத்து, ஜன்னலில் தொங்கவிடுகிறார்கள். ஒவ்வொரு பாட்டிலின் பக்கவாட்டிலும் ஒரு துளை. துளைக்குள் சிறு வலைக்கிண்ணம். கிண்ணத்தில் மண் இல்லை; சுட்ட களிமண் உருண்டைகள்தாம் இருக்கின்றன. அவற்றைப் பற்றிக்கொண்டு ஒரு கீரைச்செடி வெளிச்சத்தை நோக்கித் தலை நீட்டுகிறது. அடியில் உள்ள கலனிலிருந்து, உப்புகள் கரைந்த நீரை மீன்தொட்டிப் பம்ப் ஒன்று மேலே ஏற்றுகிறது. அது சொட்டுச் சொட்டாக ஒவ்வொரு வேரையும் நனைத்தபடி மறுபடி கலனுக்கே வந்து சேர்கிறது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காணக்கிடைக்கும் இந்த ஜன்னல் தோட்டத்தை நம் காலத்து நகரவாசியின் விளையாட்டு என்று நினைப்பது இயல்பே. ஆனால் இதன் மூதாதையைத் தேடிப்போனால் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், லண்டன் நகரத்தின் ஒரு ஜன்னலுக்கு வந்து சேர்கிறோம். இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளில் இரண்டு கேள்விகள் இந்த வரலாற்றைச் செலுத்தி வந்திருக்கின்றன. செடி எதை உண்டு வாழ்கிறது என்பது முதல் கேள்வி. அந்த விடை யார் கையில் இருக்கவேண்டும் என்பது இரண்டாவது. முதல் கேள்வியை விஞ்ஞானம் பெருமளவு தீர்த்துவிட்டது. இரண்டாவது இன்னும் தீர்ந்தபாடில்லை.

மண்ணில்லா வேளாண்மையைப் பற்றிய பல கட்டுரைகள் பாபிலோனின் தொங்குதோட்டத்திலிருந்தும் அஸ்டெக்குகளின் மிதக்கும் தோட்டங்களிலிருந்தும் தொடங்குவது வழக்கம். இரண்டையும் ஒதுக்கிவிடலாம். பாபிலோனில் அப்படியொரு தோட்டம் இருந்ததற்கே உறுதியான சான்று இல்லை. அஸ்டெக்குகளின் சினாம்பாக்கள் ஏரியின் சேற்றை வாரி வாரிக் கட்டிய மேடைகள். அவை மண்ணை உருவாக்கிக்கொண்ட வேளாண்மையே தவிர, மண்ணைத் துறந்த வேளாண்மை அல்ல.

*

உண்மையான தொடக்கம் ஒரு தராசில் இருக்கிறது. பிரஸ்ஸல்ஸ் பகுதியைச் சேர்ந்த மருத்துவரான யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட், உலர்த்தி எடைபோட்ட 200 பவுண்டு மண்ணை ஒரு தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் நீரைத் தவிர வேறெதையும் ஊற்றவில்லை. பிறகு பிடுங்கி நிறுத்தபோது மரம் 169 பவுண்டுக்குச் சற்று அதிகமாக இருந்தது. மண்ணோ ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான் குறைந்திருந்தது. ஆகவே மரம், பட்டை, வேர் எல்லாமே நீரிலிருந்து உண்டானவை என்று அவர் முடிவுகட்டினார். அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1648ல் வெளியான நூலில் இந்தச் சோதனை இடம்பெற்றது.

வான் ஹெல்மான்டின் அளவுகளில் குறையில்லை, முடிவுதான் தவறு. மரத்தின் உலர் எடையில் பெரும்பங்கு காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து வருகிறது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. ‘கேஸ்’ என்ற சொல்லையே உலகுக்குத் தந்தவர் இவர்தான். கரியை எரித்தால் எழும் அந்த வாயுவுக்கென்று தனிப் பெயர் வைத்தவரும் இவரே. தாம் பெயரிட்ட பொருளே தம் மரத்தைக் கட்டியது என்பது மட்டும் அவருக்குத் தெரியாமல் போயிற்று. மண்ணில் குறைந்த அந்த 2 அவுன்ஸையும் அவர் பொருட்படுத்தவில்லை. மண்ணில்லா வேளாண்மை முழுவதும் அந்த 2 அவுன்ஸுக்குள்தான் அடங்கியிருக்கிறது.

அந்தச் சிறு குறைவின் பொருளைக் கண்டறியும் பாதையில் முதலில் நடந்தவர் ஜான் உட்வர்ட். லண்டன் கிரெஷாம் கல்லூரியில் மருத்துவப் பேராசிரியர், புவியியல் ஆர்வலர். 1690களின் தொடக்கத்தில் அவர் ஒரே அளவான கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொண்டார். ஒன்றில் மழைநீர், ஒன்றில் ஊற்றுநீர், ஒன்றில் தேம்ஸ் ஆற்று நீர், இன்னொன்றில் ஹைட் பார்க் குழாய்நீர் என்று நிரப்பினார். குழாய்நீரில் தோட்டத்து மண்ணைக் கரைத்தும் ஒரு புட்டி வைத்தார். புட்டிகளின் வாயைத் தோல்தாளால் இறுக மூடி, நடுவில் தண்டு நுழையுமளவு துளையிட்டு, எடைபோட்ட புதினாச் செடிகளைச் செருகினார். காற்றும் ஒளியும் வெயிலும் எல்லாவற்றுக்கும் சமமாகக் கிடைக்கவேண்டும் என்பதற்காக ஒரே ஜன்னலில் அவற்றை வரிசையாக நிறுத்தினார்.

சோதனை முடிவில் மழைநீரில் நின்ற செடியின் எடை குறைவாகவே ஏறியிருந்தது. ஆற்றுநீரில் கூடுதல் வளர்ச்சி. தோட்டத்து மண் கலந்த நீரில் எல்லாவற்றிலும் அதிகம். நீர் எவ்வளவுக்கெவ்வளவு தூய்மையாக இருந்ததோ, செடி அவ்வளவுக்கவ்வளவு பட்டினி கிடந்தது. ஆகவே செடியை வளர்ப்பது நீர் மட்டுமல்ல, நீர் சுமந்துவரும் ஏதோ ஒரு நிலப்பொருளும்தான் என்று 1699ல் ராயல் சொசைட்டியின் இதழில் உட்வர்ட் எழுதினார். மூடியில் துளை, துளையில் செடி, கீழே நீர், எதிரே வெளிச்சம் என்ற இந்த அமைப்புக்கும் இன்றைய பாட்டில் தோட்டத்துக்கும் வடிவத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

*

அந்த நிலப்பொருள் எது என்று சொல்ல வேதியியல் வளரவேண்டியிருந்தது. 1771ல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்ணாடிக் குடுவைக்குள் மெழுகுவர்த்தி எரிந்து கெடுத்த காற்றை ஒரு செடி மீண்டும் நல்லதாக்குவதைக் கண்டார். அந்தச் செடியும் புதினாவே என்பது தற்செயலான அழகு. செடி இதைச் செய்வதற்கு வெளிச்சம் வேண்டும் என்பதை 1779ல் யான் இங்கன்ஹவுஸ் நிறுவினார். செடிகள் மக்கிய பொருளை உண்பதில்லை, அதிலிருந்து விடுபடும் தாது உப்புகளையே உண்கின்றன என்ற கொள்கையை 1840ல் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் பரவச் செய்தார். 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியின் யூலியுஸ் ஃபான் சாக்ஸும் வில்ஹெல்ம் க்நோப்பும் அதைக் கண்முன் நிறுத்திக் காட்டினார்கள். கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட், பொட்டாசியம் பாஸ்பேட், மக்னீசியம் சல்பேட் ஆகிய நான்கு உப்புகளுடன் இரும்பு துளியளவு. க்நோப்பின் கரைசல் இவ்வளவுதான். இதில் வேரூன்றிய செடி விதை தரும் பருவம் வரை வளர்ந்தது.

கரைசலில் இல்லாத சிலவற்றையும் செடிகள் அன்று உண்டுகொண்டிருந்தன என்பது பிறகே தெரியவந்தது. உப்புகளில் ஒட்டியிருந்த அழுக்கிலிருந்தும் பாத்திரங்களிலிருந்தும் போரானும் துத்தநாகமும் தாமிரமும் கரைந்து வந்திருக்கின்றன. உப்புகளைத் தூய்மைப்படுத்தத் தூய்மைப்படுத்தச் செடிகள் நோய்ப்பட்டன. அதன் வழியாக நுண்சத்துகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. 1939ல் மாலிப்டினம் அந்தப் பட்டியலில் சேர்ந்தபோது, முதல் கேள்விக்கான விடை ஏறத்தாழ முழுமையடைந்திருந்தது. அதற்குள் இரண்டாவது கேள்வி எழுந்துவிட்டது.

*

கலிபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஃபிரெடெரிக் கெரிக் என்றொரு தாவர ஊட்ட ஆய்வாளர் இருந்தார். ஆய்வகக் குடுவையில் நடப்பதை வயலுக்கு மாற்றாக விரிக்கலாம் என்று 1929ல் ஒரு கட்டுரையில் முன்மொழிந்தார். தொட்டிகளில் ஊட்டக் கரைசலை நிரப்பி அவர் வளர்த்த தக்காளிக் கொடிகள் 25 அடி உயரம் வரை ஏறின. ஏணியில் நின்று தக்காளி பறிக்கும் புகைப்படங்கள் பத்திரிகைகளில் வந்தன. இந்த முறைக்குப் பெயர் தேவைப்பட்டபோது, சக பேராசிரியர் டபிள்யூ. ஏ. செட்செல் ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்ற சொல்லைத் தந்தார். நிலத்தில் உழைப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைப் பின்பற்றி, நீரில் உழைப்பது என்ற பொருளில் அமைந்த பெயர் அது. 1937ல் கெரிக் அதை அச்சில் அறிமுகப்படுத்தினார்.

புகழோடு சச்சரவும் வந்தது. கரைசலின் செய்முறையைத் தரும்படி பல்கலைக்கழகம் கேட்டது. தம் வீட்டில், தம் சொந்த நேரத்தில் கண்டறிந்தது என்று சொல்லிக் கெரிக் மறுத்தார். முறையாகச் சோதித்து முடிக்கும் முன்பே அரைகுறைச் செய்முறையை வெளியிட அவருக்கு விருப்பமில்லை என்பது அவர் தரப்பு நியாயம். பொதுப்பணத்தில் இயங்கும் நிறுவனத்துக்கும் ஒரு நியாயம் இருந்தது. ‘மண்ணுக்கு இனி வேலை இல்லை’ என்று பத்திரிகைகள் முழங்கிக்கொண்டிருந்தபோது, அது உண்மையா என்று மக்களுக்குச் சொல்லும் கடமை அதற்கு இருந்தது. அந்தப் பணி டென்னிஸ் ஹோக்லண்டிடமும் டேனியல் ஆர்னனிடமும் வந்தது. கெரிக் பல்கலைக்கழகத்தைவிட்டு வெளியேறினார். 1940ல் தம் முறையைத் தனி நூலாக வெளியிட்டார்.

ஹோக்லண்டும் ஆர்னனும் 1938ல் வெளியிட்ட சிறு அறிக்கை இத்துறையில் ஒரு திருப்புமுனை. அதில் இரண்டு செய்திகள் இருந்தன. முதலாவது, பெருங்கனவுகளைத் தரையிறக்கியது. நல்ல மண்ணில் கிடைப்பதைவிட நீரில் விளைச்சல் இயல்பாகவே அதிகம் என்பதற்கு ஆதாரமில்லை, உணவுச்சத்திலும் வேறுபாடில்லை, ஊட்டம் போதுமான அளவு கிடைத்தபின் விளைச்சலுக்கு எல்லை வகுப்பவை ஒளியும் தட்பவெப்பமுமே. இரண்டாவது, கெரிக் பூட்டிவைத்த கதவைத் திறந்தது. எந்த உப்பு, எவ்வளவு, எப்படிக் கலப்பது என்று முழுச் செய்முறையும் யாரும் படிக்கும்படி அச்சிடப்பட்டது. ‘ஹோக்லண்ட் கரைசல்’ என்ற பெயரில் அது இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பயன்படுகிறது. கனவைக் குறைத்துச் சொன்ன அதே கைகள்தாம் அறிவைத் தாராளமாக வழங்கின என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

*

அடுத்து, மண்ணே இல்லாத இடங்கள் இந்த முறையைத் தேடிக்கொண்டன. பசிபிக் பெருங்கடலின் நடுவிலுள்ள வேக் தீவு வெறும் பவளத்திட்டு. பான் அமெரிக்கன் நிறுவனத்தின் கடல்விமானங்கள் அங்கே தங்கிச் செல்லும். 1930களின் இறுதியில் அத்தீவில் பயணிகளுக்கான காய்கறிகள் கரைசல் தொட்டிகளில் விளைந்தன. 1945ல் எரிமலைப் பாறையான அசென்ஷன் தீவில் அமெரிக்க ராணுவம் சரளைக்கல் படுகைகளில் காய்கறி பயிரிட்டது. போருக்குப் பிறகு ஜப்பானின் சோஃபுவில் மிகப்பெரிய பண்ணையொன்றை அதே ராணுவம் நிறுவியது. மனிதக் கழிவை உரமாக இட்ட வயல்களின் காய்களைப் பச்சையாக உண்டால் நோய் வருமோ என்ற அச்சமே அதற்குக் காரணம். இவையெல்லாம் பணமும் இயந்திரமும் உள்ளவர்களின் தோட்டங்கள். ஏழையின் கைக்கு இந்த அறிவு எப்படி வரும்?

அந்தக் கேள்விக்கான குறிப்பிடத்தக்க விடை ஒன்று நம் நாட்டிலிருந்தே வந்தது. வங்கத்தைப் பெரும்பஞ்சம் சூறையாடியது 1943ல். மூன்று ஆண்டுகள் கழித்து, டார்ஜிலிங் மாவட்டத்துக் காலிம்போங்கில் ஜேம்ஸ் ஷோல்டோ டக்ளஸ் தம் சோதனைகளைத் தொடங்கினார். பம்ப், குழாய், விலையுயர்ந்த தொட்டி ஆகிய அனைத்தையும் அவர் விலக்கினார். கிடைக்கும் சரளையையும் மணலையும் கலந்து, கைக்கெட்டும் பொருளால் செய்த தொட்டியில் பரப்பவேண்டும். உப்புக்கலவையைப் பொடியாக மேலே தூவி நீர் தெளிக்கவேண்டும். ‘வங்க முறை’ என்ற பெயரில் 1951ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட அவரது நூல், வீட்டு முற்றத்திலும் மாடியிலும் சாமானியர் இதைச் செய்யமுடியும் என்ற நம்பிக்கையின் மேல் எழுதப்பட்டது. இத்துறையின் வரலாற்றை எழுதுவோர் கலிபோர்னியாவிலிருந்து நேரே நியூயார்க்குக்குத் தாவும்போது விடுபட்டுப்போகும் அத்தியாயம் இது.

*

ஜன்னல் தோட்டத்துக்கு வேண்டிய கலனை வேறொரு தொழில் தயாரித்துக்கொண்டிருந்தது. குளிர்பானத்தின் வாயு அழுத்தத்தைத் தாங்கும் பெட் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 1973ல் காப்புரிமை பெற்றவர் நதானியல் வயெத். ஓவியர் ஆண்ட்ரூ வயெத்தின் அண்ணன். அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்தப் பாட்டில் உலகின் குப்பைமேடுகளையெல்லாம் நிரப்பியது. எங்கும் ஒரே அளவில், காசில்லாமல், கத்தரிக்கோலால் வெட்டக்கூடியதாகக் கிடைக்கும் பாத்திரம் ஒன்று வரலாற்றில் முதன்முறையாக எல்லோர் வீட்டிலும் இருந்தது.

2009ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிரிட்டா ரைலியும் ரெபெக்கா பிரேயும் அந்தப் பாட்டில்களைக் கொண்டு ‘விண்டோஃபார்ம்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். தண்ணீரை உயர்த்த அவர்கள் கையாண்ட உத்தி எளியது. மெல்லிய குழாயின் அடியில் காற்றுக் குமிழிகளைச் செலுத்தினால் குழாய்க்குள்ளிருக்கும் நீர்த்தூண் எடை குறைந்து மேலெழும். குமிழிகளுக்கிடையே சிறு சிறு மிடறுகளாக நீர் உச்சிக்கு ஏறும். இதற்கு மீன்தொட்டிக் காற்றுப் பம்பும், பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியும் போதும்.

கருவியைவிட முக்கியமானது அவர்கள் வேலை செய்த விதம். வரைபடங்களை இலவசமாக வெளியிட்டார்கள். செய்துபார்த்தவர்கள் தங்கள் திருத்தங்களைத் திருப்பி அனுப்பினார்கள். பம்பின் இரைச்சலைக் குறைக்க ஒருவர் வழி சொன்னால், இருண்ட குளிர்காலத்துக்கு எல்ஈடி விளக்கு பொருத்தும் விதத்தை வடநாட்டவர் இன்னொருவர் சொன்னார். இரண்டே ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் அதில் பங்கெடுத்தார்கள். 2011ல், பாட்டில்களுக்குப் பதில் தொழிற்சாலையில் வார்த்த கலன்களைத் தயாரிக்கப் பொதுமக்களிடம் அவர்கள் திரட்டிய தொகை 2 லட்சத்து 50 ஆயிரம் டாலரைத் தாண்டியது. பகிர்வாகத் தொடங்கியது ஒரு பண்டமாகவும் ஆயிற்று. கெரிக்கின் காலத்துக் கேள்வி மறுபடி ஜன்னலில் வந்து உட்கார்ந்தது எனலாம். ஆனால் இம்முறை வரைபடங்கள் ஏற்கெனவே ஊரெல்லாம் பரவிவிட்டிருந்தன.

அதே 2009ல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பி. ஏ. க்ராட்கி, பம்ப்கூடத் தேவையில்லாத முறைகளை விவரித்துக் கட்டுரை எழுதினார். மூடிய கலனில் கரைசலை நிரப்பி, வேரின் நுனி நனையும்படி செடியை மூடியில் பொருத்திவிட்டால் போதும். செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். மேலே வெளிப்படும் வேர்கள் ஈரக்காற்றிலிருந்து மூச்சு வாங்கிக்கொள்ளும். கலன் மீண்டும் தளும்ப ஊற்றினால் அந்த வேர்கள் மூழ்கி மூச்சு முட்டும். அது ஒன்றுதான் செய்யக்கூடாதது. கீரை வகைகளுக்கு இந்த முறை நன்றாகவே பொருந்துகிறது.

*

இவ்வளவுக்குப் பிறகும் ஹோக்லண்டும் ஆர்னனும் எழுதிய அந்த வரம்பு நம்மைவிட்டுப் போகவில்லை. நண்பகல் வெட்டவெளியில் வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ். நல்ல வெளிச்சம் என்று நாம் சொல்லும் அறையின் நடுவில் அது சில நூறுதான். உப்பை எவ்வளவு நுட்பமாகக் கலந்தாலும் இந்த வேறுபாட்டை அது ஈடுகட்டாது. இதைப் புரிந்துகொள்ள நம் ஊர் முளைப்பாரியே போதும். வெயில் படாத அறையில் வளரும் அந்த முளைகள் வெளிர்மஞ்சளாய் நெடுநெடுவென்று எழுகின்றன. விதை கட்டிக்கொடுத்த சோறு தீரும்வரைதான் அந்த எழுச்சி. வெளிச்சமில்லாத ஜன்னலில் பாட்டில் தோட்டத்தின் கதியும் அதுவே. வெயில் விழும் ஜன்னலிலும் கீரை, புதினா, துளசி வகைகள் செழிக்கும், தக்காளி தயங்கும், நெல்லைப் பற்றிப் பேசவேண்டியதில்லை. ஜன்னல் தோட்டம் நகரத்தின் பசியை ஆற்றும் என்று சொல்பவர்கள் கெரிக்கின் ஏணியை மறுபடி தூக்கி நிறுத்துகிறார்கள்.

அப்படியானால் இதன் பயன்தான் என்ன? உட்வர்டின் புட்டிகள் யாருக்கும் உணவு தரவில்லை. அவை ஒரு கேள்விக்கு விடை தந்தன. அந்த விடை ராயல் சொசைட்டியிலிருந்து ஜெர்மானிய ஆய்வகத்துக்கும், அங்கிருந்து கலிபோர்னிய அறிக்கைக்கும், காலிம்போங்கின் சரளைத் தொட்டிக்கும், கடைசியில் ஒரு குப்பை பாட்டிலுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பூட்டி வைக்கப்பட்ட இடத்தில் அது தேங்கியது. அச்சிட்டு வழங்கப்பட்ட ஒவ்வொரு முறையும் புதிய கைகளை அடைந்தது. இன்று காய்கறியைப் பூட்டிய கட்டடங்களுக்குள் செயற்கை ஒளியில் விளைவிக்கும் நிறுவனங்கள் தங்கள் முறைகளைக் காப்புரிமையால் வேலியிடுகின்றன. அந்த அறிவின் அடித்தளம் எல்லோருக்கும் சொந்தமானது என்பதை நினைவில் வைத்திருக்க, ஜன்னலில் தொங்கும் பாட்டில் ஒரு எளிய வழி.

நம் வீடுகளில் புட்டித் தண்ணீரில் மணிபிளான்ட் வளர்ப்பவர்கள் பாதித் தூரம் வந்துவிட்டார்கள். மீதித் தூரத்துக்கு இரண்டு பாட்டில்கள் போதும். உள்ளே வெளிச்சம் புகுந்தால் பாசி படியும் என்பதால் பழைய செய்தித்தாளை இரண்டின்மேலும் சுற்றவேண்டும். ஒன்றில் வெறும் மழைநீர். மற்றொன்றில் அதே மழைநீரில், கடையில் கிடைக்கும் ஊட்ட உப்புக் கலவையை உறையில் அச்சிட்ட அளவில் கரைத்து ஊற்றலாம். சந்தையில் வாங்கிய புதினாக் கட்டிலிருந்து ஒரே எடையுள்ள இரண்டு தண்டுகளை எடுத்து, மூடித் துளையில் செருகி, வெயில் விழும் ஒரே ஜன்னலில் வைக்கவேண்டும். வேர்விட்டு வளர்ந்தபின், ஏழெட்டு வாரம் கழித்து, இரண்டையும் துடைத்து நிறுத்துப் பார்க்கலாம். 1690களில் லண்டனில் தராசு காட்டிய வேறுபாடு நம் ஊர்த் தராசிலும் தெரியும். எடை கூடிய செடியைத் துவையல் அரைக்க எடுத்துக்கொள்ளலாம்.